மொன்டானாவுக்காக அழுதவர்

பேராசிரியர் அழுவதற்கென்றே ஒரு கைக்குட்டை வைத்திருந்தார். வெள்ளை லினன், மூலையில் அவர் பெயரின் முதலெழுத்து. அதைத் துவைத்து இஸ்திரி போடுவது என் வேலை. அந்த வாரம் அவருக்கு எத்தனை சொற்பொழிவு என்பதை அழுக்குக் கூடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இத்தாலியின் பாலெர்மோ நகரில் அவர் வீட்டில் சமைப்பது, துடைப்பது, நாயை வெளியே கொண்டுபோவது எல்லாம் நான்தான். மனிதர் அமெரிக்காவின் மேற்கு மலைமாநிலமான மொன்டானாவைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பனிமலைகள், கரடிகள், காட்டெருமைகள், அங்கிருந்த ஆதிக்குடிகள். நெஸ் பெர்சே என்ற மக்கள் இராணுவத்துக்குத் தப்பி, பிள்ளைகுட்டிகளோடு மலை மலையாக ஓடி, கனடா எல்லைக்கு நாற்பது மைல் இருக்கும்போது பனியில் வளைக்கப்பட்ட கதையை மேடையிலோ வீட்டு விருந்தாளிகளிடமோ சொல்லும் இடத்தில் கைக்குட்டை வெளியே வரும். "நாற்பதே மைல்" என்று இரண்டு முறை சொல்வார். முதல்முறை கேட்டபோது போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து ஓடிவந்த நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏழாவது முறை, காப்பித் தட்டை எந்த வாக்கியத்தில் உள்ளே கொண்டுபோவது என்பதே என் கவலை.

என் மனைவி அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். வடக்கிலிருந்து வந்த தமிழர் அங்கே தங்குவதற்கு எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். அவளை இங்கே எடுப்பதற்கு எனக்கு முறையான வேலை ஒப்பந்தம் வேண்டும். பேராசிரியரின் ஒரு கையெழுத்துப் போதும். கேட்டேன். "நீ இந்த வீட்டுப் பிள்ளை. பிள்ளைக்கு எதற்கு ஒப்பந்தம்?" என்றார். பிறகு வரி, காப்புறுதி என்று முணுமுணுத்துவிட்டு, புத்தகம் முடியட்டும் என்றார்.

பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் நம்மவர் ஒருவரின் கடையிலிருந்து வாரம் ஒருமுறை அவளுக்குத் தொலைபேசி எடுப்பேன்.

"அந்தாள் கையெழுத்து வைச்சிட்டாரோ?"

"இல்லை. இப்ப அழுதுகொண்டிருக்கிறார்."

"ஏன், ஆரும் செத்துப்போச்சினமோ?"

"ஓம். நூறு வருசத்துக்கு முன்னம்."

புத்தகத்துக்கு ஒரு படம் குறைந்தது. ஒரு ஞாயிறு என்னைப் பெல்லெக்ரினோ மலைக்கு அழைத்துப்போய், கோடுபோட்ட கம்பளியைத் தோளில் போர்த்தி, தூரத்தைப் பார்க்கச் சொன்னார். சிரிக்கக் கூடாதாம். பின்னால் கடல் விழாமல் எடுக்கப் படாதபாடு பட்டார். அசல் ஆதிக்குடிகளின் படத்துக்கு அனுமதி கேட்டு அலையவேண்டுமாம். நான் கேள்வி கேட்காத ஆதிக்குடி. நானும் நின்றேன். கையெழுத்துக் கிடைக்குமென்றால் கோமணத்தோடும் நின்றிருப்பேன். அவரை நினைக்கும்போது வரும் அருவருப்பில் பாதி என்மேல்தான்.

புத்தகம் வந்த அன்று ஒப்பந்தத் தாளைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அவர் பேனாவைத் திறந்தார். புத்தகத்தின் முதற்பக்கத்தில் "நாடிழந்த என் சகோதரனுக்கு" என்று எழுதி, தன் முழுப்பெயரையும் போட்டு, அழகாகக் கையெழுத்து வைத்து நீட்டினார். ஒப்பந்தத்தை ஈஸ்டருக்குப் பிறகு பார்ப்போம் என்றார்.

ஈஸ்டருக்கு முன்பே மனைவிக்குப் பதிவு மறுக்கப்பட்டது. வடக்கே திரும்பி, வவுனியா அகதி முகாமுக்குப் போனாள். நான் வேலையை விட்டேன். பக்கத்து ஊரான பகேரியாவில், எந்த மக்களுக்காகவும் அழாத ஒரு மீன் வியாபாரி முதல் வாரமே கையெழுத்து வைத்தார். அதன் பிறகும் அவள் வந்துசேர இரண்டு வருடம் பிடித்தது.

வந்தவள் ஒருநாள் அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கம்பளிக்காரனை நெடுநேரம் பார்த்தாள். நான் பேராசிரியரைத் திட்டத் தொடங்கினேன்.

"அந்தாளை விடுங்கோ," என்றாள். "நான் லொட்ஜிலை நாள் எண்ணிக்கொண்டு இருக்கேக்கை, வேறை வீடு தேடாமல் நீங்கள் இதுக்கோ நிண்டனீங்கள்?"