ஆம்ப்ஸ் சார் ஒளித்து வைத்த நூறு

கீழ்த்தளத்தில் அவருக்கு ஆம்ப்ஸ் சார் என்று பெயர். யாரைப் பார்த்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன் "இப்ப எவ்வளவு ஓடுது?" என்று கேட்பார். அதனால் வந்த பெயர். வீட்டில் அவர் அப்பா. அவர் இறந்து ஏழு மாதம் ஆகிறது. இது நடந்தது அதற்கு இரண்டு வருடம் முன்னால்.

பத்து மாடி அலுவலகக் கட்டடம். கீழ்த்தளத்தில் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர், அதன் எதிரே மூன்று மீட்டர்கள், ஒரு மேசை, மேசைமேல் ஒரு பதிவுப் புத்தகம். காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அந்த அறைக்கு இருபத்தாறு வருடமாக அப்பா பொறுப்பு. எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் ஃப்யூஸ் என்று எல்லோரும் கூப்பிடும் எலக்ட்ரீஷியன். கான்ட்ராக்ட் ஆள். இடது கையால் எழுதுவார்.

ஃப்யூஸ் பிறவியில் வலது கைக்காரர். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு புத்தகத்தில் உள்ளது உள்ளபடி எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்றைய நிர்வாகம், இன்னும் இடம் இருக்கிறதே என்று ஒரு வாடகைதாரருக்கு சர்வர் அறை போட அனுமதி கொடுத்தது. அந்தக் கோடையில் கேபிள் முனை சூடேறி வெடித்தது. ஃப்யூஸின் வலது கை அதற்கு நேர் எதிரில் இருந்தது.

சர்வர் அறை காலியானது. ஃப்யூஸ் மருத்துவமனையிலிருந்து திரும்பி வந்த முதல் நாள் அப்பா சொன்னார்: "இனிமே மீட்டர் என்ன காட்டினாலும் நூறு சேர்த்து எழுது."

"பொய்க்கணக்கா அண்ணே?"

"கைக்காவல். இடம் இருக்குன்னு தெரிஞ்சா கொண்டாந்து மாட்டிடுவானுங்க."

பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. உச்ச நேரத்தில் மீட்டர் 980 காட்டும், புத்தகம் 1080 சொல்லும். டிரான்ஸ்ஃபார்மர் பத்திரமாகத் தாங்கக்கூடியது 1250. ஒளித்து வைத்த அந்த நூறைப் பற்றி இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. கோடையில் அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

பிறகு பசுமைச் சான்றிதழ் வந்தது. ஐந்து மாடிகளை எடுத்திருந்த பெரிய வாடகைதாரர், கட்டடத்துக்குச் சான்றிதழ் இருந்தால்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்போம் என்று சொல்லிவிட்டார். சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை: கார் நிறுத்தும் இடங்கள் இருநூறு, அதில் இருபதுக்கு மின்வண்டி சார்ஜர் வேண்டும். இருபதும் ஒரே நேரத்தில் ஓடினாலும் தாங்கும் என்று எழுத்தில் காட்ட வேண்டும்.

அப்பா ஒரு தாளில் கணக்குப் போட்டார். இருபது சார்ஜருக்கு 206 ஆம்பியர். புத்தகப்படி 1286 வருகிறது. இடமில்லை. மேனேஜரிடம் தாளை நீட்டினார். உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

மேனேஜர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பத்தாறு இடிக்குது, அவ்வளவுதானே சார்? சான்றிதழ் ஆலோசகரைக் கூப்பிட்டுக் கேப்போம்."

ஆலோசகர் மறுநாளே வந்தார். பச்சைத் தலைக்கவசம் போட்ட பெண். ஃப்யூஸ் உடனே பச்சை மேடம் என்று பெயர் வைத்துவிட்டார். அவர் புத்தகத்தைப் புரட்டி மூடினார். "கையால எழுதினது போதாது சார். ஏழு நாள் ரெக்கார்டர் மாட்டிடறேன்." மூன்று கேபிளிலும் கொக்கி மாட்டி, ஒரு பெட்டியைத் தரையில் வைத்து, சீல் போட்டுவிட்டுப் போனார். கையகலப் பெட்டி. அதில் பச்சையாய் ஒரு புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது.

இருவரும் அதன் எதிரே நின்றார்கள்.

"அண்ணே, இதுக்கும் நூறு சேர்த்து எழுதச் சொல்லலாமா?" என்றார் ஃப்யூஸ்.

அப்பா சிரிக்கவில்லை. ஏழு நாள் கழித்துப் பெட்டி 980 என்று சொல்லும். பன்னிரண்டு வருடப் புத்தகம் 1080 என்று சொல்லும். ஒவ்வொரு வரியிலும் இடது கைக் கையெழுத்து.

பெட்டியை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கட்டடத்தை மாற்றினார். மேல்மாடியில் முந்நூறு பேர் உட்காரும் கூட்ட அரங்கம் இருந்தது. வருடத்தில் மூன்று விழா நடக்கும், அதுவும் அலுவலகம் விட்ட பிறகு மாலையில். அரங்கத்தின் ஏசிகளையும் மேடை விளக்குகளையும் போட்டால் ஏறக்குறைய நூறு ஆம்பியர் இழுக்கும். இரண்டாம் நாள் பத்தரை மணிக்கு அப்பா மேலே போய் எல்லாவற்றையும் போட்டார். கீழே மீட்டர் 1080 காட்டியது. புத்தகமும் பெட்டியும் ஒன்றாயின.

அரை மணி நேரம்தான். அரங்கம் குளிர்ந்ததும் ஏசிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. ஃப்யூஸ் போன் செய்தார்: "அண்ணே, நூறு ஓடிப்போச்சு."

அப்பா அரங்கத்தின் கதவுகளை விரியத் திறந்தார். ஜன்னல்களையும் திறந்தார். வெயில் உள்ளே வந்தது, ஏசிகள் திரும்ப உறுமின. அன்று நாலு மணிவரை அங்கேயே இருந்தார். குளிர் ஏறினால் ஜன்னலைத் திறக்க வேண்டும், சூடு மிஞ்சினால் பாதி சாத்த வேண்டும். சாப்பாட்டு டப்பா மேலே வந்தது. கழிப்பறைக்குப் போனாலும் ஓட்டமாய்ப் போய் வந்தார். காலி நாற்காலிகள் முந்நூறு, முதல் வரிசையில் அவர் ஒருவர், எதிரே முழு வெளிச்சத்தில் வெறும் மேடை.

நாலாம் நாள் இருமல் பிடித்துக்கொண்டது. "என்னண்ணே, நாடகம் எப்படி?" என்றார் ஃப்யூஸ், ஃப்ளாஸ்க்கை வைத்தபடி.

"நடிகன் நான் ஒருத்தன். எப்ப இறங்கறதுன்னு எவனும் சொல்லித்தரல."

"பேசாம சொல்லிடுவோமே. என்ன ஆகிடும்?"

"உனக்குத்தான்டா ஆகும்."

ஐந்தாம் நாள் பச்சை மேடம் பெட்டியில் இருப்பதை மடிக்கணினியில் இறக்கிப் பார்த்தார். முதல் நாள் கோடு மேடும் பள்ளமுமாக இருந்தது. மறுநாளிலிருந்து சரியாகப் பத்தரைக்கு ஒரு படி ஏறி, நாலு மணிக்கு ஒரு படி இறங்கியது. நூறு ஆம்பியர் உயரப் படி. அவர் யாரிடமும் கேட்கவில்லை. ஒவ்வொரு மாடியாக ஏறிப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அரங்கத்துக்குள் வந்தபோது அப்பா ஜன்னல் கொக்கியில் கை வைத்தபடி நின்றிருந்தார்.

"இங்க யாருமே இல்லையே சார்."

"இல்லம்மா."

"ஏசி ஓடுது. ஜன்னல் திறந்திருக்கு."

"ஆமாம்மா."

பச்சை மேடம் தலைக்கவசத்தைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அப்பா சொல்லிவிட்டார். சர்வர் அறை, வெடிப்பு, கை, நூறு, எல்லாம். சொல்லி முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சார்ஜர்கள் தங்களுக்குள்ள பங்கு போட்டுக்கிற மாதிரி வைக்க முடியாதாம்மா? இருபது இருக்கட்டும். பத்து ஓடற அளவுக்கு மேல இழுக்காம தடுத்துட்டா போதும். அந்த நூறு எனக்கு மிஞ்சும்."

"வைக்கலாம் சார். ஆனா இந்தச் சான்றிதழ்ல முழு அளவையும் காட்டணும். 980க்கு மேல 206. 1186. தாங்குது." கொஞ்சம் தயங்கினார். "புத்தகத்துக்கும் பெட்டிக்கும் ஏன் நூறு வித்தியாசம்னு ஒரு விளக்கம் மட்டும் வேணும். எழுத்துல."

விளக்கத்தை மேனேஜர் தயாராக வைத்திருந்தார். "மீட்டர் பழசு, தப்பாக் காட்டியிருக்கு. அப்படி ஒரு கடிதம் குடுங்க, முடிஞ்சது."

"மீட்டர் சரியாத்தான் காட்டுச்சு."

"அப்ப பன்னண்டு வருஷமா பொய் எழுதினது யாரு சார்? கையெழுத்து யாருது?"

"நான் சொல்லித்தான் எழுதினான். அதையே எழுதித் தர்றேன். என் பேரைப் போட்டே தர்றேன்."

"தாராளமா. உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு மூணு வருஷம் இருக்கு, கொஞ்சம் முன்னாடி அனுப்பிடுவாங்க. அவரு? பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டவரை அந்த கான்ட்ராக்டர் ஒரு நாள் வெச்சிருப்பாரா? ஒத்தைக் கைக்காரருக்கு வேற எங்க வேலை குடுப்பாங்க?" மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் தள்ளினார்.

அப்பா தாளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனார். மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஒன்றும் எழுதவில்லை. ஃப்யூஸ் வந்து எட்டிப் பார்த்தார். மேனேஜர் சொன்னதை அப்பா அவரிடம் சொல்லவில்லை. "மீட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார்.

"எழுதிட்டுப் போங்கண்ணே. மீட்டர் கோவிச்சுக்கவா போகுது?"

நான்கு வரிகளில் எழுதி முடித்தார். மேற்படி மூன்று மீட்டர்களும் பழுதடைந்து கூடுதலாகக் காட்டி வந்தன. கீழே கையெழுத்து. பழுது என்று எழுதியபின் அவற்றைச் சுவரில் விட முடியாது. மின்சாரத்தை நிறுத்தி, திருகாணிகளைக் கழற்றி, நல்ல மீட்டர் மூன்றையும் தன் கையாலேயே கழிவுப் பெட்டியில் போட்டார்.

சான்றிதழ் வந்தது. முன்வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டினார்கள். இருபது சார்ஜர்களும் வந்தன. அடுத்த கோடையில் புது மீட்டர் ஒருநாள் 1190 காட்டியது. புத்தகத்தில் 1190 என்றே ஏறியது. அன்றிலிருந்து அப்பா பதினொன்று முதல் மூன்று வரை கேபிள் முனையை விட்டு நகரவில்லை. ஃப்யூஸைக் கிட்டே வர விடவில்லை. விடுப்பும் எடுக்கவில்லை. இருமலுக்கு மருத்துவரிடம் போகக்கூட எடுக்கவில்லை.

கடிதம் எழுதிய அன்று வீட்டில் சாப்பிடும்போது மகளிடம் சொன்னார். அவளும் மின்பொறியாளர்தான், வேறொரு அலுவலகத்தில். "மீட்டர் கெட்டுப்போச்சும்மா. மாத்திட்டோம்."

"எவ்வளவு தப்பு காட்டுச்சு?"

"நூறு. மூணும் நூறு."

"காலைலயும் நூறுதானா? லோடு கம்மியா இருக்கறப்பவும்?"

"எப்பவும்."

கெட்டுப்போன மீட்டர் அப்படித் தப்புக் காட்டாது. லோடு குறைந்தால் தப்பும் குறையும். மூன்று மீட்டரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நூறில் நிற்காது. படித்தவளுக்கு அது தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். இன்னொரு கேள்வி வந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். கேட்கவில்லை.