யாகோப்பின் பலகை

அலோசியஸ் பொய் பேசமாட்டார் என்று ஜெர்மனியின் ஹம் நகரத் தமிழர்களிடையே நல்ல பெயர். பாண் சுடும் தொழிற்சாலையில் பதினெட்டு வருட வேலை, ஞாயிறு தவறாத பூசை. அப்படிப்பட்ட மனிதர் ஒரேயொரு பொய்யை மட்டும் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தார். அவருடைய தகப்பன் யாகோப்பு மன்னாரில் கடை வைத்திருந்தாராம். யாகோப்புக்கு இருந்தது ஒரு வள்ளமும் வலையும்தான்.

சிற்றம்பலம் மாதிரி ஆட்களுக்குப் பயந்து பிறந்த பொய் அது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பொறுப்பாளரான அவர், புதிதாக யார் வந்தாலும் தேத்தண்ணி ஆறுவதற்குள், "அப்பா ஊரிலை என்ன செய்தவர்?" என்று கேட்டுவிடுவார். தொழிலைக் கேட்டுச் சாதியைப் பிடிக்கிற கேள்வி. இத்தனை கடல் தாண்டியும் அந்தச் சனியன் கூடவே வந்திருந்தது. வந்த புதிதில், வாய் கூசாமல் "கடை" என்றார் அலோசியஸ்.

2004 கோடையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பெற்றோரையும் ஏற்றிக்கொண்டு பஸ் வடக்கே ஷ்லெஸ்விக் பக்கம் போனது. அங்கே பழங்காலக் கடலோடிகளான வைக்கிங்குகளின் அருங்காட்சியகம். அவர்கள் இங்கிலாந்தைக் கொள்ளையடித்ததையும், ஐஸ்லாந்தில் குடியேறியதையும், ரஷ்ய ஆறுகளில் வியாபாரத்துக்குப் போனதையும் விளக்கிய ஜெர்மன் பெண், கடைசியில் ஒரு கல்லின் படத்தைக் காட்டினாள். தூர தேசத்துக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பாத தகப்பனுக்கு மகன் நாட்டிய கல். பெயரும், அவர் போன கடலும் அதில் வெட்டப்பட்டிருந்தன.

அலோசியஸ் அந்தப் படத்துக்குக் கிட்டப் போய் நின்றார். 1985இல் போருக்குத் தப்பியோடிய சனங்களை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு இராமேஸ்வரத்துக்குப் போன யாகோப்பும் திரும்பவில்லை. அவருக்குக் கல்லும் இல்லை, குழியும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பலகையும் உளியும் கொடுத்து, உங்கள் வீட்டில் இறந்துபோன ஒருவரின் பெயரையும் தொழிலையும் வைக்கிங் எழுத்தில் செதுக்குங்கள் என்றாள் அந்தப் பெண். அலோசியஸின் மகள் பிறின்சிக்குப் பத்து வயது.

"அப்பா, அப்பப்பான்ரை பேர் யாகோப்புதானே? அவர் என்ன வேலை செய்தவர்?"

பக்கத்தில் சிற்றம்பலம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"கடை வைச்சிருந்தவர், பிள்ளை."

அவள் நாக்கைக் கடித்தபடி ஒரு மணி நேரம் செதுக்கினாள். 'யாகோப்பு, கடைக்காரர்.' வீட்டுக்கு வந்ததும் மாதா படத்தின் கீழே மாட்டினாள். இரவுச் செபத்துக்கு முழங்காலில் நிற்கும்போதெல்லாம் அலோசியஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தகப்பனுக்கென்று இந்த உலகத்தில் இருந்த ஒரே நினைவுச்சின்னம், அதிலும் அவரை வேறொருவராக்கி வைத்தாயிற்று.

நவம்பரில் மரித்தோர் திருநாள் வந்தது. பிறின்சி பலகையின் முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள்.

"கடையிலை என்னப்பா வித்தவர்?"

ஒரு சாமானின் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை.

"கடை இல்லை, பிள்ளை. அவர் மீன் பிடிச்சவர். சனத்தைக் கரை சேர்க்கப் போய்த்தான் கடலிலை செத்தவர்."

பிறின்சி பலகையைப் பார்த்தாள், தகப்பனைப் பார்த்தாள்.

"அது நல்ல வேலைதானே. அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"வெட்கத்திலை."

"அப்பப்பாவை நினைச்சோ?"

அலோசியஸ் ஓம் என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு மகளின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.