அந்தரத்தில் நின்ற பாலமும் இரண்டு மந்திரிகளும்

நிருபர் வேலையில் செய்தி எழுதுவது சுலபம். சண்டை போட்டுக்கொண்ட இரண்டு கட்சிக்காரர்களின் பெயரை ஒரே வாக்கியத்தில் எழுதுவதுதான் கஷ்டம். ரயில்வே கேட் முன்னால் வண்டியை அணைத்துவிட்டு, வராத ரயிலுக்காக நீங்களும் காத்து நின்றிருப்பீர்கள் என்பதால் இதை உங்களிடம் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆகாயத்தில் ஒரு துண்டு

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டிக்குத் தெற்கே தண்டவாளத்துக்கு மேல் ரயில்வே தன் பங்குப் பாலத்தைக் கட்டி முடித்தது. இரு பக்கமும் ஏறி இறங்குகிற சாலையை மாநில அரசு போட வேண்டும். டெல்லியில் ஆண்ட கட்சியும் சென்னையில் ஆண்ட கட்சியும் அந்தச் சமயம் பார்த்துக் கூட்டணியை முறித்துக்கொண்டன. சாலை வரவில்லை. பருத்திக் காட்டின் நடுவே பாலம் தனியாக நின்றது. மத்தியானக் கானலில் அதன் தூண்கள் கரைந்துபோகும். மேல்தளம் மட்டும் கரிசல் மீது மெல்ல மிதந்து எங்கோ போவதுபோல இருக்கும். போன வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஒரு நாள் பாலத்தை ஒட்டியிருந்த ரயில்வே கேட் பக்கத்தில் புதிதாக ஒரு போர்டு. பாலம் கட்டி முடிந்துவிட்டதால் பொங்கலோடு கேட் நிரந்தரமாக மூடப்படுமாம். தண்டவாளத்துக்கு மேற்கே இருக்கும் ஊருக்கு வேறு பாதை கிடையாது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மேய்ச்சல் எல்லாமே கிழக்கே. அந்த ஊர்க் கருத்தப்பாண்டி பாலத்து நிழலில் ஆடுகளை மடக்கி நிறுத்திக்கொண்டு, நான் போர்டைப் படித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றார். பிறகு சொன்னார்: “கேட்டைப் பூட்டிட்டு மேல போகச் சொல்லுதாவ. எங்க ஆட்டுக்கு றெக்கை மொளைக்கிற வரைக்கும் பொங்கலைத் தள்ளி வைப்பாவளா, அண்ணாச்சி?”

நலம் விசாரிப்பு

டெல்லியில் ரயில்வே ஆட்களிடம் பேசக்கூடிய மத்திய மந்திரியும் எங்கள் பக்கத்துக்காரர். சென்னையில் சாலைக்கு உத்தரவு வாங்கக்கூடிய மாநில மந்திரியும் எங்கள் பக்கத்துக்காரர். கல்லூரி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர்கள். கூட்டணி முறிந்த பிறகு ஒருவர் ஏறிய மேடையில் மற்றவர் ஏறக் கூடாது, கல்யாண வீட்டில்கூட ஒருவர் கை நனைத்துவிட்டுப் போனபிறகுதான் மற்றவர் கார் வரும். இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் பத்திரிகையில் வந்தால் போதும், பதவி போய்விடும்.

நான் டெல்லிக்காரரைப் பேட்டி காணப் போனால், மாநில அரசை அரை மணி நேரம் திட்டுவார். பேனாவை மூடியதும், “அவருக்கு முழங்கால் வலி தேவலையா?” என்பார். சென்னைக்காரரிடம் போனால், மத்திய அரசைத் திட்டி முடித்துவிட்டு, “அவியளுக்குச் சர்க்கரை குறைஞ்சிருக்கா?” என்பார். இருவருக்கும் நடுவில் முழங்காலையும் சர்க்கரையையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய்வந்தவன் நான். சாலைப் பேச்சை எடுத்தால் மட்டும் இரண்டு பேருமே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். ஒருமுறை வாசல் வரை வந்து வழியனுப்பிய சென்னைக்காரர் என் காதில் சொன்னார்: “வே, நான் விசாரிச்சேன்னு சொல்லிராதேரும். சொல்லாமலும் இருந்திராதேரும்.”

கேத வீடு

எங்கள் பக்கத்தில் ஒரு விலக்கு உண்டு. சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவதைக் கேதம் கேட்பது என்போம். கேத வீட்டுக்குக் கட்சி கிடையாது. எதிரியின் பக்கத்தில் உட்கார்ந்தாலும் எந்தத் தலைவரும் ஏன் என்று கேட்க முடியாது.

இதை நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது கருத்தப்பாண்டி ஆடாமல் அசையாமல் கேட்டார். அவருடைய அப்பா சங்கரையாதான் அந்த ஹாஸ்டலில் சமையல்காரராக இருந்தவர். இரண்டு மந்திரிகளுக்கும் அண்டா அண்டாவாகச் சாம்பார் ஊற்றியவர். பெரியவர் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். பொங்கலோ நெருங்கிக்கொண்டிருந்தது. கருத்தப்பாண்டி டீயை உறிஞ்சிவிட்டுப் பெருமூச்சோடு சொன்னார்: “எங்கய்யாவுக்கு ஒரு தும்மல்கூட வர மாட்டேங்குது.”

தவறி

மார்கழியில் ஒரு காலை, இரண்டு மந்திரிகளும் ஒரே ஊருக்குக் கேதம் கேட்க வருவதாகத் தகவல் வந்து, நானும் ஓடினேன். கேட் மூடியிருந்தது. வேறு வேறு கொடி கட்டிய இரண்டு கார்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கட்சிக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பருத்திச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பாலத்தின் நிழல் இரண்டு கார்களின் மேலும் ஒரே போர்வையாகக் கிடந்தது. முடிவே இல்லாததுபோல ஒரு சரக்கு ரயில் போனது. மந்திரிகள் இருவரும் கண்ணாடியை இறக்கி, அண்ணாந்து, அந்தரத்தில் நின்ற பாலத்தைப் பார்த்தார்கள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கேத வீட்டில் பந்தல் இல்லை, அழுகை இல்லை. காலில் கட்டோடு சங்கரையா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். “ஏலே, யாருக்குலே மாலை?” என்றார்.

“தவறிட்டியன்னு போன் வந்துச்சே” என்றார் டெல்லிக்காரர்.

“தவறித்தாம்லே விழுந்தேன், வரப்புல. அதுக்குப் போய் ரோசாப்பூ மாலையா?”

எல்லோரும் கருத்தப்பாண்டியைப் பார்த்தோம். “டெலிபோன் பூத்துல இருந்து பேசினேன். ‘எங்கய்யா தவறி’ன்னதும் லைன் கட்டாயிருச்சு” என்றார்.

“எனக்கும் அங்கனதான் கட்டாச்சு” என்றார் சென்னைக்காரர்.

“ரெண்டு போன்லயும் ஒரே எடத்துல கட்டாயிருக்கு, பாருங்க” என்று கருத்தப்பாண்டி வருத்தப்பட்டார்.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மாலைகளை வெளியே போட்டோம். ஆடுகள் அவசரமே இல்லாமல் ரோஜாவை மென்றன. மந்திரிகள் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒருவர் முழங்காலையும் மற்றவர் சர்க்கரையையும் நேரடியாகவே பேசிக்கொண்டார்கள். சாலைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கேமரா என் பையிலேயே தூங்கியது. எழுந்து புறப்பட்டபோது பெரியவர் கஞ்சிக் கும்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “பொங்கலுக்குப் பொறவு நான் நெசமாவே தவறினா, ரெண்டு பேரும் எந்த வழியாலே வருவிய?”

இருவரும் வாசலில் நின்ற கட்சிக்காரர்களுக்காக முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

இரண்டு ரிப்பன்

பொங்கலுக்கு முன்பே அந்தப் போர்டு சத்தமில்லாமல் காணாமல் போனது. சாலைக்கு உத்தரவு வந்தது. வேலை நடந்த காலமெல்லாம் கேட் வழக்கம்போலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. மாநிலத்தின் மெத்தனத்தை முறியடித்ததாக ஒருவரும், மத்திய அரசின் மாற்றாந்தாய் மனப்பான்மையை வென்றதாக இன்னொருவரும் அறிக்கை விட்டார்கள். இரண்டையும் நானே எழுதினேன், தனித்தனிப் பக்கத்தில்.

திறப்பு விழாவும் இரண்டு. காலையில் கிழக்கு முனையில் டெல்லிக்காரர் ரிப்பன் வெட்டினார், சாயங்காலம் மேற்கு முனையில் சென்னைக்காரர் வெட்டினார். இரண்டுக்கும் நடுவில், யாருமில்லாத நேரத்தில், கருத்தப்பாண்டி ஆடுகளைப் பாலத்தின் மேல் ஓட்டிவந்தார். முந்தின நாள் மழையில் கரிசல் கறுத்து மின்னியது. மேகம் காட்டின் மேல் நடந்துபோனது. கம்பை ஊன்றி மெல்ல ஏறிவந்த சங்கரையா, பாலத்து உச்சியில் நின்று இரண்டு முனைகளையும் பார்த்தார். “நடுவுல வந்து நின்னா ஒருத்தன் மொகத்தைப் பார்த்து ஒருத்தன் சிரிச்சிருவான். அதான் பயலுவ ஆளுக்கொரு ஓரத்துல நிக்கானுவ.”

மத்திய, மாநில உறவைப் பற்றி இத்தனை வருஷம் எழுதியதில் நான் தெரிந்துகொண்டது, அது நன்றாக இருக்கும் நாளில் நிருபருக்குச் செய்தி கிடைக்காது என்பதுதான்.