ஓடிக்கொண்டிருந்த குழாய்

தெருவில் யார் வீட்டுத் தொட்டி அடைத்துக்கொண்டாலும் போன் வருவது குண்டண்ணனுக்குத்தான். குழாய் வேலையில் கெட்டிக்காரர். வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அந்த உடம்பைப் பார்த்த பிறகு யாருக்கும் அது ஞாபகத்தில் நிற்பதில்லை. ஊர் அடைப்பையெல்லாம் எடுத்துவிடுகிற மனிதருக்கு இப்போது தன் நெஞ்சுக்குக் கீழேயே அடைப்பு. அதுவும் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது.

அழகு பார்க்கச் செய்துகொண்டதல்ல. தங்கைக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய் டயாலிசிஸ் நடக்கிறது; தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். அவள் கணவர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர் என்பதால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருக்கும் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அண்ணனின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தும் என்று சோதனையில் தெரிந்த அன்று இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது. "ஆனா இந்த எடையில உங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. இருபது கிலோவாவது குறைங்க" என்று டாக்டரம்மா சொன்னதும் சிரிப்பு நின்றது.

நடந்து பார்த்தார், பட்டினி கிடந்து பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் சின்ன டப்பா ஒன்று. அதில் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும். உறிஞ்சி எடுத்தால் தளரும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும், எடை தானாக இறங்கும் என்றார்கள்.

இறங்கியது, நத்தை வேகத்தில். மாதங்கள் ஓடியும் ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. ஒருநாள் தங்கையின் முகம் வீங்கியிருக்கும், மறுநாள் வற்றிப்போய்க் கிடக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல், ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் இறுக்கி விடுங்க டாக்டர்" என்று கெஞ்சுவார்.

"சாப்பாடு சிக்குதா? வாந்தி வருதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று வாய் கூசாமல் பொய் சொல்வார். உண்மையைச் சொன்னால் தளர்த்திவிடுவார்களே என்ற பயம்.

சிக்காமல் என்ன செய்யும்? ரொட்டி சிக்கியது, சோறு சிக்கியது, நன்றாக வெந்த காய்கூடச் சிக்கியது. ஒரு வாய் உணவு நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்றுகொண்டு மேலேயும் வராது, கீழேயும் போகாது. எச்சில் நுரை நுரையாய் ஊறும். குளியலறைக்கு ஓடிக் கதவைச் சாத்தி, சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாதென்று குழாயை முழுதாகத் திறந்துவிட்டுத்தான் கக்குவார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல வந்து உட்கார்வார்.

பசி விடுமா? வழுக்கிக்கொண்டு இறங்குவது ஐஸ்கிரீமும் மில்க் ஷேக்கும்தான். வேலை முடிந்து வரும் வழியில் வண்டியை ஓரங்கட்டி, நின்ற வாக்கிலேயே முடித்துவிடுவார். அதெல்லாம் சாப்பாடு ஆகாது என்று அவராகவே ஒரு தீர்ப்பும் எழுதி வைத்திருந்தார். "குழாயை ரொம்ப இறுக்காதீங்கம்மா, வாஷர் நசுங்கி இன்னும்தான் ஒழுகும்" என்று வீட்டுக்கு வீடு புத்தி சொல்கிற ஆள்தான் இவர். சொந்த விஷயத்தில் மட்டும் அந்தப் புத்தி எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ!

ஒரு சாயங்காலம் அவர் முகத்தைத் துடைத்தபடி வெளியே வந்தபோது, தங்கை கதவோரம் நின்றிருந்தாள். கையில் அவளுடைய சின்ன பாட்டில்.

"எதுக்குண்ணா இந்தக் குழாய் எப்பப் பாத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கு?"

"முகம் கழுவினேன்."

"சாப்பிட உக்காந்து ரெண்டாவது வாய்லயே எழுந்து போய் முகம் கழுவுவியா? ஒரு நாளைக்கு எனக்கு இந்த பாட்டில் தண்ணிதான். நீ குழாயைத் திறந்துவிட்டா அந்தச் சத்தத்துல என் நாக்கு மேல ஒட்டிக்குது. தலகாணியைக் காதுல அமுக்கிக்கிட்டுப் படுத்திருக்கேன். அந்தத் தண்ணிக்குள்ள வேற என்ன சத்தம் வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

குண்டண்ணனுக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. தாகத்தில் தவிக்கிறவள் காதில் படும்படி நாள்தவறாமல் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறோமே என்று நினைக்க நினைக்க அவமானத்தில் உடம்பே கூசியது. ஒரு தடவைகூட அவருக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் அவளே அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணு..." என்று ஆரம்பித்தவர், தங்கை முறைத்த முறைப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், ஐஸ்கிரீம் உட்பட.

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "இறுக்கினதாலதான் எடை நின்னுபோச்சு. சோறு சிக்குது, ஐஸ்கிரீம் வழுக்கிக்கிட்டுப் போகுது. அப்புறம் எப்படிக் குறையும்? இப்படியே கக்கிக்கிட்டு இருந்தா பட்டை நழுவிடும். அதுக்கு வேற ஒரு ஆபரேஷன். அப்புறம் தங்கச்சிக்கு எங்கிருந்து கொடுக்கிறது?"

"தளர்த்திடாதீங்க டாக்டர், அவளுக்கு நேரமில்ல..." என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"நேரத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள் தங்கை. "நீ முதல்ல உயிரோட இருக்கற வழியைப் பாரு."

ஊசி போய் உப்புநீரில் பாதி வெளியே வந்தது. எடை ஏறிவிட்டால்? அதற்குள் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

ராத்திரி சின்னத் தட்டில் கொஞ்சம் சோறும் ஒரு அவித்த முட்டையும். எதிரே தங்கை, மூடி போட்ட பாட்டிலோடு. முதல் வாயை மென்று, கூழாக்கி, பயந்து பயந்து விழுங்கினார். இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. அந்த தைரியத்தில் மூன்றாவதைக் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார். நின்றுகொண்டது. கண்ணில் தண்ணீர் கட்ட எழுந்து குளியலறைக்குப் போனார்.

கை பழக்கத்தில் குழாயின் மேல் போனது. சட்டென்று எடுத்துக்கொண்டார். கதவையும் சாத்தவில்லை. வந்ததெல்லாம் வெட்டவெளிச்சமாக, இரைச்சலாக வந்தது. வாளியிலிருந்து ஒரு குவளை மொண்டு, சத்தம் வராமல் வாய் கொப்பளித்தார்.

"சிக்கிருச்சும்மா" என்றார் உள்ளிருந்தபடியே.

"கேட்டுச்சுண்ணா" என்றாள் தங்கை. "மெதுவா வா. நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."