மூன்றாம் அடுக்கா, ஆறாம் அடுக்கா

மாரெட்பள்ளி துரைராஜின் மகள் ஹம்சா மண் தோண்டுவதற்குப் பட்டம் படிக்கிறாள். இப்படிச் சொல்வது நானல்ல, பெற்ற தகப்பன் துரைராஜேதான். பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் மெஷின் ஷாப் சூப்பர்வைசர். கொள்ளுத்தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து கன்டோன்மென்ட் வேலைக்கு வந்து செகந்தராபாத்திலேயே தங்கிவிட்ட குடும்பம். "பி.டெக் சீட் கெடச்சுது, நக்கோ, வேணாம்னுட்டா. கச்சிபௌலில ஊர்ப்பட்ட ஐ.டி. கம்பெனி இருக்குது, இவளுக்கு மண்ணுதான் வேணுமாம்" என்று தொழிற்சாலை கேன்டீனில் அவர் புலம்பாத நாள் கிடையாது.

தொல்லியல் பி.ஏ.யில் சேர்ந்து இரண்டரை வருஷம் ஆகியும் "இன்னைக்கு என்னம்மா படிச்சே?" என்று ஒரு தடவை கேட்டாரா? கேட்கவில்லை. அவள் வகுப்பில் முதலாவதாக வந்தபோது அம்மா கிரிஜா பாயசம் வைத்தாள். துரைராஜ் பாயசத்தைக் குடித்துவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூட ஹம்சா தாங்கியிருப்பாள். இந்தக் கண்டுகொள்ளாமை அவளை அரித்தது.

கடைசி வருஷம் ஜனவரியில் மாணவர்களை அகழாய்வுக்குக் கூட்டிப்போனார்கள். நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு கிராமம், அதன் எல்லையில் பழைய கல்வட்டங்கள். பேராசிரியை சுமலதா ஆறு வருஷமாக அந்த இடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். குழியில் ஒவ்வொரு மண் அடுக்கிலும் கிடைக்கும் பானை ஓடுகளைத் தனித்தனியாகக் கழுவி, தனித்தனித் தட்டில் காயவைக்க வேண்டும். தட்டில் எந்தக் குழி, எந்த அடுக்கு என்று எழுதிய அட்டை, அதன்மேல் ஒரு கூழாங்கல். ஆழத்து அடுக்கு என்றால் காலம் பழசு. அட்டை போய்விட்டால் ஓடு வெறும் ஓடுதான். முதல் நாளே மேடம் சொல்லிவிட்டார்: சந்தேகமென்றால் 'இடம் தெரியாது' என்று எழுதி வையுங்கள், அதில் வெட்கமில்லை, ஊகித்து மட்டும் எழுதாதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரிஜா புளியோதரை கட்டிக்கொண்டு புறப்பட, துரைராஜும் கூட வந்துவிட்டார். அவர் வருவார் என்று ஹம்சா கனவிலும் நினைக்கவில்லை. ஓடுகளைத் தட்டில் பரப்பிக்கொண்டிருந்தவள் தலைகால் புரியாமல் எழுந்து ஓடினாள். அந்த அவசரத்தில் இரண்டு தட்டுகளின் அட்டைமேல் கல் வைக்க மறந்துபோனாள்.

துரைராஜ் குழியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். "இதெல்லாம் எத்தினி வருஷம் இருக்கும்மா?" என்றார். இரண்டரை வருஷத்தில் முதல் கேள்வி! ஹம்சா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு சுழற்காற்று வந்து இரண்டு அட்டைகளையும் தூக்கிக்கொண்டு போனது. ஐம்பத்தேழு வயசு, தொப்பை வேறு, "இரு இரு, நான் புடிக்கிறேன்" என்று துரைராஜ் ஓடினார். வேலியோரம் இரண்டையும் பிடித்து, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து நீட்டினார்.

"எது எதுக்கும்மா?"

ஒன்று மூன்றாம் அடுக்கு, இன்னொன்று ஆறாம் அடுக்கு. இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி கறுப்பு சிவப்பு ஓடுகள். எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் முன்னால் நிற்பது நைனா. "எனக்குத் தெரியும் நைனா" என்று சொல்லி, கைக்கு வந்தபடி வைத்தாள்.

வினை எங்கே வந்தது பாருங்கள். ஆறாம் அடுக்கு என்று அட்டை வைத்த தட்டில்தான் மீன் போலக் கீறிய ஓர் ஓடு இருந்தது. இத்தனை ஆழத்தில் இப்படி ஒரு கீறலா என்று மேடம் துள்ளிக் குதித்தார். தெலுங்குப் பத்திரிகை ஒன்றில் படம் வந்தது, ஓட்டைக் கையில் ஏந்தியபடி ஹம்சா. துரைராஜ் பத்திரிகையைத் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் நோட்டீஸ் போர்டில் குத்தினார். அவள் வீடு திரும்பியதும் தினமும் ராத்திரிச் சாப்பாட்டில் கேள்விமேல் கேள்வி கேட்டார். ஏங்கியதெல்லாம் கிடைத்தது, ஆனால் ஒரு வாய் சோறு இறங்கவில்லை அவளுக்கு.

கூடப் படிக்கும் முகமது யூசுப்பிடம் மட்டும் சொன்னாள். "நக்கோ, ஹம்சா. கைக்கு, எதுக்கு சொல்லி மாட்டிக்கிறே? யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் அவன். உண்மைதான், யாருக்கும் தெரியாது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவளுக்கு வழியில் பயமே இல்லை, கனம் மட்டும்தான் இருந்தது.

மார்ச்சில் மேடம் கட்டுரையை அச்சுக்கு அனுப்பத் தயாரானார். எம்.ஏ.வுக்குச் சிபாரிசுக் கடிதமும் எழுதித் தருவதாக ஹம்சாவிடம் சொன்னார். மறுநாள் காலை அவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

மேடம் சத்தம் போடவில்லை. எப்போதிலிருந்து தெரியும் என்று மட்டும் கேட்டார். "அன்னைக்கே தெரியும் மேடம்." பஞ்சுப் பெட்டியிலிருந்து அந்த ஓட்டை எடுத்து, 'இடம் தெரியாது' என்று எழுதிய பையில் போட்டார். அந்த இரண்டு தட்டின் நூற்றுச் சொச்சம் ஓடுகளும் அதே பைக்குப் போயின. கடிதத்தைப் பற்றி இந்த வருஷம் கேட்காதே என்றார். ஹம்சா தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அழுகை வரவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டில் சொன்னாள். துரைராஜ் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தார்.

"அட்டையப் புடிச்சிக் குடுத்தது நான்தானே?"

"ஹவ் நைனா, நீங்கதான்."

"தெரியும்னு சொன்னியே."

"நீங்க பார்த்துட்டே நின்னீங்க. தெரியாதுன்னு சொல்ல வாய் வரல."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். கிரிஜா பின்னாலேயே போய்க் கூப்பிட்டும் வரவில்லை. காலையில் மகள் முகத்தைப் பார்க்காமலே கம்பெனி பஸ் ஏறினார். பழையபடி ஆகிவிட்டது, இனி இந்த ஜென்மத்துக்கு ஒரு கேள்வி வராது என்று ஹம்சா முடிவு கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேன்டீன்ல சொல்லிட்டேம்மா. பேப்பர்ல வந்தது தப்பு, என் பொண்ணு மாத்தி வெச்சிட்டா, அவளே போயி ஒத்துக்கிட்டான்னு."

ஹம்சாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "நீங்க எதுக்கு நைனா சொன்னீங்க? அவங்க என்ன சொன்னாங்க?"

"சிரிச்சானுங்க. தோண்டப் போனவ மண்ணக் கவ்விட்டாளான்னு ஒருத்தன் கேட்டான்."

"நீங்க?"

"நானும் கூடச் சிரிச்சேன். என்ன பண்றது?" என்றார் துரைராஜ்.

மேடம் முன்னால் வராத அழுகை ஹம்சாவுக்கு அப்போதுதான் வந்தது.