மெமரி கார்டுக்கு முகம் எந்தப் பக்கம்

எங்கள் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் நைனா பொட்டு வைத்துவிடுவார். போர் மோட்டாருக்கு வைத்தார், ஃப்ரிட்ஜுக்கு வைத்தார், பிளாஸ்டிக் நாற்காலிக்குக்கூட வைத்தார். சாமிக்கு இவ்வளவு வேலை கொடுக்கிற குடும்பம் வடமாலபேட்டைப் பக்கத்தில் வேறு கிடையாது.

அண்ணன் குவைத்தில் டிரைவர். ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கு அறுபத்துநாலு ஜிபி மெமரி கார்டு கொடுத்தனுப்பினான். சுண்டுவிரல் நகம்போல இருந்தது. இதில் ஆயிரக்கணக்கில் பாட்டு பிடிக்கும் என்றேன். நைனா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லும்மா."

எங்கள் குடும்பத்தில், அண்ணனையும் சேர்த்து, யாரும் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. நான் திருப்பதியில் எம்.சி.ஏ. படித்தேன். கடைசி வருட பிராஜெக்டை நெட் சென்டரில் உட்கார்ந்து செய்தேன். அங்கே கம்ப்யூட்டரை அணைத்தால் நாம் செய்ததெல்லாம் அழிந்துவிடும். அதனால் இருந்த ஒரே பிரதி அந்தக் கார்டில். அதைத் திரையில் காட்டினால்தான் பாஸ்.

பரீட்சை அன்று காலை சாமி படத்துக்கு முன்னாலிருந்து கார்டை எடுத்து, காகிதத்தில் மடித்து நைனா கொடுத்தார். பிரித்துப் பார்க்காமல் பர்ஸில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

லேபில் கார்டைச் செருகினேன். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. மறுபடியும் செருகினேன். வெளியிலிருந்து வந்திருந்த எக்ஸாமினர், "ஏம்மா, இந்துலோ ஏமீ லேதே" என்றார். மாதக்கணக்கில் உழைத்ததைப் பார்த்து ஒன்றுமில்லை என்கிறார்.

கார்டை உருவித் திருப்பினேன். தங்க நிறக் கோடுகள் இருக்கிற பக்கம் முழுக்கக் காய்ந்த மஞ்சள், நடுவில் குங்குமம்.

"எவரு பெட்டாரு?" யார் வைத்தது என்கிறார்.

"மா நான்ன, சார்." எங்கள் அப்பா என்று தலையை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். அவர் கை வைத்திருந்த மானிட்டரில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து கிடந்தது. புரொஜெக்டரில் ஒரு பொட்டு, பிரிண்டரில் ஒரு பொட்டு. படித்தவர்கள் மேல்மூடியில் வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ஒரு ரப்பரை என் பக்கம் தள்ளினார்.

தேய்த்தேன். திறந்தது. அவர் போதும் என்ற பிறகும் பேசினேன். பாஸ்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனாவைப் பிடித்தேன். "ஏன் நைனா அந்தப் பக்கத்துல வெச்ச?"

"தங்கமா மின்னிக்கினு இருந்திச்சி. அதான் மூஞ்சின்னு நெனச்சேன். முதுகுலயா பொட்டு வெப்பாங்க?"

"அதத் தொடச்சப்புறம்தான் வேலையே செஞ்சிது."

நைனா கையில் சோற்றோடு என்னைப் பார்த்தார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"தொடச்சிட்டியா? அப்புறம் எப்டிம்மா பாஸான?"

அம்மா குழம்புச் சட்டியைக் கீழே வைத்தாள். "அது படிச்ச பொண்ணு. நீ பேசாம துன்னுய்யா."