ஆறு நம்பர் அக்கா

இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருக்கும்போதே குரல் மேலே வந்துவிடும். "ஆறு நம்பர் எடுத்து வைங்க! வந்துட்டே இருக்கேன்!" பெல்லை அழுத்துவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கதவைத் திறந்தால் ஒரு கையில் பார்சல், மறு கையில் போன், கட்டைவிரல் தயாராக. பார்சலுக்காக நம் போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை தலையை ஆட்டுவார். ஆறாவது ஆட்டலில் பார்சல் நம் கையில் இருக்கும். அவர் நான்கு படி இறங்கியிருப்பார்.

எங்கள் நான்கு கட்டடங்களுக்கும் ஆறு வருடமாகப் பார்சல் கொண்டுவருகிறவர். வயது நாற்பத்தெட்டு. பை மாட்டி மாட்டி வலது தோள் சற்றுத் தாழ்ந்துவிட்டது. ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் ஒட்டுநாடா, ரப்பர் பேண்டு, நாய்களுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். பார்சல்களின் மேல் தடித்த பேனாவால் தனக்கு மட்டும் விளங்கும் முகவரி எழுதுவார்: 'இருமல்', 'நாய்', 'ரெண்டு தடவை தட்டணும்'. என் பார்சலில் 'லேட்டா தொறப்பாரு' என்று இருக்கும். இதை முதன்முதலில் பார்த்தபோது வருத்தப்பட்டேன், பிறகு சீக்கிரம் திறக்கப் பழகிக்கொண்டேன்.

எண்ணைச் சொல்லத் தாமதிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "மொதல்ல கண்ணாடியத் தேடுறது, அப்புறம் போனைத் தேடுறது, அப்புறம் நம்பரைத் தேடுறது. அதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்து நடந்துருவான்" என்பார். எங்களைப் பழக்குவதற்காகவே 'பார்சல் வந்தாச்சு' என்று வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார். வீட்டுக்கு ஒருவராக நூற்று நாற்பத்து மூன்று பேர். அதில் அவர் ஒருநாளும் எழுதியதில்லை, குரல்பதிவுதான். "எழுதணும்னா நிக்கணும். பேசுறதுன்னா நடந்துக்கிட்டே பேசலாம்ல?"

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாரையும் வாசலில் நிற்கவைக்க மாட்டார். தன் வீட்டுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவரோ, மீட்டர் பார்க்கிறவரோ வந்தால் இரண்டாவது தட்டலுக்கு முன் கதவில் இருப்பார். "நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும், கால் என்ன பாடு படுதுன்னு."

அந்தப் பிடிவாதம்தான் காலை வாரியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவருக்கு ஒரு போன். நடந்ததை அவரே சொன்னார், எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு.

"பார்சல் டிப்போல இருந்து பேசறேன்னான், தம்பி. எல்லாரோட ஐடியையும் புதுசாக்குறாங்களாம், ஆறு நம்பர் வரும், சொல்லுங்கக்கான்னான். நான் யாரு என்னன்னு கேட்டிருக்கணும்ல? அதுக்குள்ள அவன் 'சீக்கிரம்கா, இன்னும் நாப்பது பேர் பாக்கி'ன்னான். குரல்ல அப்படி ஒரு களைப்பு. ஐயோ, நம்மள மாதிரி ஒருத்தன், சாப்பிடக்கூட இல்ல போலன்னு நெனச்சேன். போன்ல வந்த நம்பரை டக்குனு சொல்லிட்டேன். சொல்லிட்டு, 'நீங்க சாப்டுட்டு மிச்சத்தைப் பாருங்க'ன்னு வேற சொன்னேன். திருடனை சாப்பிடச் சொன்ன மொத ஆள் நான்தான்."

அந்த ஆறு எண்ணோடு அவருடைய வாட்ஸப் கணக்கு கைமாறிவிட்டது. அடுத்த நிமிடத்திலிருந்து குழுவில் இருந்தவர்களுக்கு அவர் பெயரிலேயே தனித்தனியாகச் செய்தி போகத் தொடங்கியது: 'உங்கள் பார்சல் கீழே உள்ளது. இப்போது ஆறு எண் வரும். அனுப்பவும்.'

எனக்கும் வந்தது. என்னைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவன். ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது என்ற பாடத்துக்கு, வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு சிறுமியைப் போன வருடம்தான் வரைந்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று சட்டம் போட்டு மேசைக்கு மேலே மாட்டியும் வைத்திருக்கிறேன். அந்தச் சிறுமியின் காலடியில் உட்கார்ந்துதான் ஆறு எண்ணையும் அனுப்பினேன். அக்கா எழுதவே மாட்டார் என்பது தோன்றவில்லை. எண்ணோடு வந்த செய்தியிலேயே 'யாருக்கும் சொல்லாதீர்கள்' என்று இருந்ததையும் படிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, நான் எந்தப் பொருளுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கவில்லை. ஆனாலும் ஏதோ வந்திருக்கிறது என்றதும் மனம் குளிர்ந்துவிட்டது. லேட்டாகத் திறப்பவன் அன்று நொடியில் திறந்தேன்.

அக்கா டிப்போவுக்கு ஓடினார். அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் வாட்ஸப்பை அழித்து மறுபடி ஏற்றி, புதிதாக வந்த எண்ணை அக்காவையே போட வைத்தாள். திருடன் வெளியே விழுந்தான். ஆனால் போவதற்கு முன் தன் சொந்தப் பூட்டாக இன்னொரு ரகசிய எண்ணைப் போட்டிருந்தான். "ஏழு நாளைக்கு எனக்கும் கதவு தொறக்காதாம். என் வீட்டு வாசல்ல நானே பார்சல் மாதிரி கெடக்கணும்."

அதோடு முடியவில்லை. எண்ணைக் கொடுத்த என்னைப் போன்றவர்களின் கணக்குகள் இப்போது அவன் கையில், அவற்றுக்கும் அவன் பூட்டுப் போடுவதற்குள் மீட்க வேண்டும். குழுவுக்குச் சொல்ல அக்காவுக்கு வழியில்லை. டிப்போ மேலாளரோ ஒரே ஒரு புகார் வந்தாலும் இந்த நான்கு கட்டடங்களையும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். எனவே நூற்று நாற்பத்து மூன்று வாசல்களையும் நேரில் ஏறிவிடுவது என்று அக்கா கிளம்பினார். முதலில் என் போனைச் சரிசெய்தார். அதிலிருந்தே குழுவில் சொல்லிவிடலாமா என்றதற்கு, "செய்தியை நம்பித்தானே தம்பி எல்லாரும் மாட்டுனீங்க?" என்றார். வெட்கத்தில், ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நானும் கூடப் போனேன், சொல்லி முடித்த வீட்டு எண்களை ஒவ்வொன்றாகக் கோடிட்டு அடிக்க.

வெறுங்கையோடு வந்த அவரைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள். ஒருவர் பழக்கத்தில் கையை நீட்டி, "பார்சல்?" என்றார். "பார்சல் இல்ல சார், நான்தான் வந்திருக்கேன். திருப்பி அனுப்ப முடியாது" என்றார் அக்கா.

தரைத்தளத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "நாப்பது வருஷம் கணக்குப் போட்டவன்மா நான். எங்கிட்ட எவனும் நம்பர் வாங்க முடியாது."

உள்ளேயிருந்து அவர் மனைவி: "காலைல ரெண்டு தடவ அனுப்பினீங்களே!"

"மொத தடவ தப்பா அனுப்பிட்டேன்டி. அனுப்பறது அனுப்பறோம், சரியா அனுப்ப வேணாமா?"

அக்கா சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கை மீட்கும் வழியை ஒவ்வொரு படியாகச் சொன்னார். இரண்டாவது பூட்டுக்கான எண்ணை அவரே யோசித்துப் போடும் இடம் வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "இது உங்க பூட்டு. பொறந்த தேதி வேணாம், கல்யாணத் தேதி வேணாம்."

"கல்யாணத் தேதி அவருக்கு எங்க ஞாபகம் இருக்கு?" என்றது உள்ளேயிருந்து வந்த குரல்.

எண்ணைக் கொடுத்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர். மற்ற எல்லோரிடமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "இனிமே என் பேர்ல என்ன வந்தாலும் நம்பாதீங்க. குரல் வந்தாலும் நம்பாதீங்க. நேர்ல என் மூஞ்சியப் பாத்து, என் போன்ல நீங்களே நம்பரைப் போடுங்க. எங்கிட்டகூட சொல்லாதீங்க."

மூன்றாவது கட்டடத்தில் தையல்காரம்மா. அவர் கணக்கிலிருந்து வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்தி போயிருந்தது. யாரும் அனுப்பவில்லை, ஆனால் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. புகார் எழுதக் காகிதமும் பேனாவும் எடுத்து வைத்திருந்தார்.

"உன்ன நம்பித்தானே குடுத்தேன்?" என்றார்.

அன்று முழுவதும் தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு வந்த அக்கா துணிவெட்டுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார்.

"எழுதுங்கக்கா. எழுதுறதுக்கு முன்னாடி போனைக் குடுங்க, பூட்டைப் போட்டுடலாம்."

அரை மணி நேரம் ஆனது. எண் வந்ததும் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தையல்காரம்மா அந்த முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிட்டியாடி?" என்றார். பிறகு என் கையிலிருந்த தாளை வாங்கி, புகாருக்காக எடுத்த பேனாவால் தன் வீட்டு எண்ணைத் தானே அடித்தார்.

கடைசி வாசலுக்கு ஏறும்போது மணி ஏழு. நான்காவது கட்டடத்தின் உச்சி. போன மாதம் குடிவந்த ஒரு பெண். அக்காவால் கையை ஊன்றாமல் படியேற முடியவில்லை.

"யாரு?" கதவு திறக்கவில்லை.

"பார்சல் அக்காம்மா."

"நான் எதுவும் ஆர்டர் பண்ணலையே."

"தெரியும்மா. கொஞ்சம் தொறந்தா ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடுவேன்."

"அங்கருந்தே சொல்லுங்க."

அக்கா கழுத்து அட்டையைக் கழற்றி, கதவில் இருந்த கண்ணாடித் துளைக்கு முன்னால் பிடித்தார்.

"அட்டை யாரு வேணும்னாலும் அடிக்கலாங்க" என்றது குரல். "காலைல உங்க பேர்லதான் ஒருத்தன் நம்பர் கேட்டான், குடுக்கல. இருங்க, டிப்போவுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத் தொறக்கறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ஆறு வருஷமா இந்தக் கட்டடத்துக்கு வர்றவங்க இவங்க. பாவம், நிக்க முடியாம..."

"சும்மா இருங்க தம்பி!" அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். "அவ கேக்கட்டும்."

உள்ளே மேல்தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. தாழ் சரியாக விழுந்திருக்கிறதா என்று அக்கா கதவில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. தாழ்ந்த தோளைக் கொடுத்து, இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகவே தள்ளிப் பார்த்தார்.